எண்ணிக்கையில் வராதவன்

முக்கூடலில் ஒரு பையன் எங்களைப் படக்கதையாக வரைகிறான்.
கோடு போட்ட நோட்டு, தேய்த்துத் தேய்த்து எழுதும் பேனா.
அட்டையில் நான்கு பேர்.
உள்ளே எல்லாக் கட்டங்களிலும் எங்கள் வேன்
ஓட்ட ஆளில்லாமல் தானாகவே போகிறது.
பையன்மேல் தப்பில்லை.
நினைவில் நின்றதைத்தான் வரைந்திருக்கிறான்.

பிரமாச்சி கைபட்டால் பூட்டு தன் சாவியை மறந்து
யார் தொட்டாலும் திறக்கும்,
திண்டுக்கல் பூட்டானாலும்.
தன் வீட்டுக் கதவை அவள் எட்டு வருஷமாகக்
கயிறு போட்டுத்தான் கட்டுகிறாள்.

பணகுடி உலகம்மாளுக்குக் கோபம் வந்தால் காற்று நின்றுவிடும்.
அதுவும் ஆடி மாதத்தில்,
வள்ளியூர் வரை காற்றாலைகள் கைவிரித்து நிற்கும்.
மின்வாரியத்துக்கு இன்றுவரை காரணம் தெரியாது.
காரணம் அவள் நாத்தனார்.

மேலப்பாளையம் மைதீன் பிச்சை வலியை எடுப்பான்.
எடுத்ததை விடியுமுன் இன்னொருவருக்குக் கொடுத்தாக வேண்டும்.
யாருக்கு என்று நாங்கள் கேட்பதில்லை.
உலகம்மாளின் பல்வலி ஒருமுறை
ஒரு தாசில்தாருக்குப் போனது. மற்றவை
அத்தனை நியாயமான இடங்களுக்குப் போகவில்லை.

இஸ்ரவேலுக்குப் பொய் வாசனையாக வரும்,
அடிப்பிடித்த பாலின் வாசனை.
கல்யாண வீட்டுக்கும் தேர்தல் கூட்டத்துக்கும்
மூக்கில் கைக்குட்டை கட்டித்தான் போவான்.

நான் வேன் ஓட்டுகிறேன்.
பார்வையைத் திருப்பிய மறுநொடி
யாருக்கும் என்னை நினைவிருக்காது.
இதைச் சக்தி என்று சொல்லலாமென்றால்
இதுதான் என் சக்தி.
ஒவ்வொரு இரவும் வண்ணார்பேட்டை பாலத்தடியில்
கதவைத் திறந்துவிட்டுச் சொல்வேன்:
"ஆவுடைநாயகம். உங்க டிரைவர். ஏறுங்க."
ஒவ்வொரு இரவும் உலகம்மாள் கேட்பாள்:
"புது ஆளா? பாத்து ஓட்டுவீரா?"

நாங்கள் நல்லவர்கள் இல்லை.
தாமிரபரணியில் மணல் அள்ளியவனிடமிருந்து அள்ளினோம்.
பாதியை ஆற்றிலேயே கொட்டினோம்,
பாதியை விற்றோம்.
கொட்டிய பாதியைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

பணத்தை நாலு பங்கு வைப்பார்கள்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் உருவி ஐந்தாக்கிக்கொள்வேன்.
கூலிதான், திருட்டில்லை.
(இதை இஸ்ரவேல் இல்லாத இடத்தில்தான் சொல்ல முடியும்.)

மறுநாள் எண்ணினால் குறையும்.
"நீ எடுத்தியா?"
"சத்தியமா இல்ல."
நாலு பேர் சொல்வதும் உண்மை. பால் அடிப்பிடிக்கவில்லை.
ஆகவே இஸ்ரவேல் தன் மூக்கைச் சந்தேகித்தான்.
பிரமாச்சி மைதீனோடு பேச்சை விட்டாள்.
அவன் யாருடைய சிறுநீரகக்கல் வலியையோ
அவளிடம் இறக்கிவைத்துவிட்டு வெற்றிலை போட்டான்.
அவள் எழுந்து நடமாடியதும் போய் அவன் வீட்டுப் பூட்டைத் தொட்டாள்.
மூன்று ஆடு போனது, ஒரு கிரைண்டர் போனது.
உலகம்மாள் கோபத்தில் ஊரே புழுங்கியது.
அத்தனையையும் நான் முன்கண்ணாடி வழியே
பார்த்துக்கொண்டு கியர் மாற்றினேன்.

நேற்று சீவலப்பேரி டீக்கடை.
"நாலு டீ" என்றான் இஸ்ரவேல்.
தனியாகக் காசு கொடுத்து எனக்கொன்று வாங்கி
வேன் ஓரமாக நின்றேன்.
பீடிக்கு நெருப்புக் கேட்டு வந்தான்.
"நீரு யாரு? உம்மை நான் பாத்ததே இல்லையே."

சொல்லி வாய் மூடவில்லை, மூக்கைச் சுளித்தான்.
திரும்பாமலே கேட்டான், "அண்ணாச்சி, பால் தீஞ்சிட்டா?"
"இப்பதானய்யா அடுப்புல வச்சேன்."
சட்டைக் காலரை மோந்தான்.
உள்ளங்கையில் ஊதி மோந்தான்.
நான் வாயே திறக்கவில்லை.

இமைத்தால் போய்விடும் என்பதுபோல
என் முகத்தையே பார்த்தான்.
கண்ணில் நீர் கோத்தது, இமைக்காததால்தான்.
"இன்னொரு மட்டம் சொல்லுதேன்," என்றான்,
"உம்மை எனக்குத் தெரியாது."
இன்னொரு மட்டம் மோந்தான்.

வேனுக்குள் மற்ற மூவரும்
காணாமல்போன பணத்துக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள்.
அது என் மடியில் இருந்தது.
வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.
கையிலிருந்த டீ
ஆறவே இல்லை.